நெல்லுப் பணமும் ஆன்லைன் போக்கரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்கில் ஏறும் தை, மாசியில்தான் டெல்டாவில் "இதை எதிலயாவது போட்டு வைக்கலாமே" என்ற பேச்சு கிளம்பும். நகை, மனை, ஏலச்சீட்டு என்று இருந்த பட்டியலில் சில வருடங்களாக, பணம் கட்டி ஆடும் சீட்டாட்டமான ஆன்லைன் போக்கரும் சேர்ந்துகொண்டது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் படித்துவிட்டு வேலை தேடும் பையன்கள் சிலர் இதை முதலீடு என்றே சொல்கிறார்கள். முதல் தவறு அதுதான்.

முதலீடு என்றால் போட்ட பணம் எங்காவது ஒரு வேலை செய்து, இல்லாத ஒன்றை உண்டாக்க வேண்டும். போக்கரில் அப்படி எதுவும் விளைவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் உட்கார்ந்தால் மொத்தம் 6,000. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் தொகையில் நடத்துகிற கம்பெனி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு ரேக் என்று பெயர். 5 சதவீதம் வரை போவது சகஜம். சராசரியாக 400 ரூபாய் சேரும் ஆட்டம் 50 நடந்தால், ஆட்டத்துக்கு 20 ரூபாய் வீதம் 1,000 ரூபாய் காலி. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதெல்லாம் அப்புறம். ஆறு பேர் கொண்டுவந்த பணம் ஐந்து பேர் பணமாகச் சுருங்கிவிட்டது. ஆன்லைனில் சீட்டு கலைக்கிற நேரம்கூடக் கிடையாது. ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக ஓடிக்கொண்டே இருப்பதால் இந்தச் சுருக்கமும் வேகமாக நடக்கும்.

"விவசாயமே சூதாட்டம்தானே சித்தப்பா? மழை பேஞ்சாலும் நஷ்டம், பேயலைன்னாலும் நஷ்டம். அதுக்கு இது தேவலை" என்று அண்ணன் மகன் கேட்டான். கேட்டதற்காக அவனைத் திட்டுவதில் பயனில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளை அவன். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு. என் வயல் விளைவதற்குப் பக்கத்து வயல் கருக வேண்டியதில்லை. மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்து, வாய்க்காலில் தண்ணீரும் ஒழுங்காக வந்தால், கடைமடை வரை எல்லோருக்கும் குறுவை உண்டு. நெல்லுக்கு அரசு அறிவித்த விலை இருக்கிறது, பயிர்க் காப்பீடு இருக்கிறது. காப்பீட்டுப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது என்பது நியாயமான குறைதான். இருந்தாலும் விழுந்தால் பிடிக்க ஏதோ ஒன்று உண்டு. போக்கரில் எனக்கு வருகிற ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் தோற்ற ரூபாய். தோற்றவருக்குக் காப்பீடும் கிடையாது, நிவாரணமும் கிடையாது.

அடுத்தது, "திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லிடுச்சு" என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, இரண்டும் திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது உண்மை. நீதிமன்றம் பார்த்தது ஆட்டத்தின் தன்மையை. ஆடுகிற உங்களுக்குத் திறமை இருக்கிறது என்று அது எங்கும் சொல்லவில்லை. திறமை ஆட்டம் என்றால் திறமை குறைந்தவர் தொடர்ந்து தோற்பார் என்பதுதான் அதன் நேரடி அர்த்தம். நன்றாக ஆடுகிறவர்கள்கூட ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்கு நஷ்டத்திலேயே கிடப்பதுண்டு. ஒரு வாரம் கையில் நாலு காசு நின்றதை வைத்துத் தன் திறமையை எடைபோடுவது, இதில் இறங்குகிறவர்கள் அத்தனை பேரும் செய்கிற பிழை.

வரியையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 2023 ஏப்ரலிலிருந்து நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீத வருமான வரி. ஆட்டத்தில் வரும் நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது. அதே வருடம் அக்டோபரிலிருந்து கட்டுகிற தொகைக்கே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது.

சரி, இது ஊதிப் பெருத்து உடைகிற நீர்க்குமிழியா? ஆட்டம் குமிழி இல்லை, அதைச் சுற்றி எழுந்த பணவெறிதான் குமிழி என்பது என் எண்ணம். 2003இல் அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், ஆன்லைனில் 86 டாலர் கட்டித் தகுதிபெற்று, உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த வருடம் அதில் ஆடியவர்கள் 839 பேர். மூன்றே வருடத்தில் அது 8,773 ஆனது. 2006இல் ஆன்லைன் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்ததும் மறுவருடம் 6,358 ஆகக் குறைந்தது. அந்தப் போட்டி பிறகு மீண்டது, இன்றும் நடக்கிறது. மாட்டிக்கொண்டவர்கள், ஆன்லைனில் பணத்தை வைத்திருந்த சாதாரண ஆட்டக்காரர்கள். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்களை முடக்கியபோது, அவற்றில் ஒன்றான ஃபுல் டில்ட் போக்கர், ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியாக வைத்திருக்கவில்லை என்பது வெளியே வந்தது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கவே 2014 ஆகிவிட்டது. தளத்தில் தெரிகிற இருப்புத் தொகையை வங்கி இருப்பு மாதிரி நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையே அதில் இல்லை. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. இப்போது நடக்கிற தவறுதான் என்னை உண்மையிலேயே பயமுறுத்துகிறது: டெலிகிராமில் வருகிற லிங்க் வழியாக வெளிநாட்டுத் தளங்களுக்குப் போவது. அங்கே பணம் போவதும் வருவதும் யார் யாருடைய யுபிஐ எண்கள் வழியாகவோ. அந்தக் கணக்குகளில் ஒன்றின் மேல் எங்கோ ஒரு மாநிலத்தில் சைபர் புகார் பதிவானால், அதிலிருந்து 2,000 ரூபாய் வாங்கிய உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். கொள்முதல் பணம், பயிர்க் காப்பீடு, அப்பாவின் பிரதமர் கிசான் தவணை எல்லாம் ஏறுவது பல வீடுகளில் அந்த ஒரே கணக்கில்தான். உரம் வாங்கவும் நடவு ஆளுக்குக் கூலி கொடுக்கவும் பணம் எடுக்க முடியாமல் குடும்பமே நிற்கும்.

விட்டதைப் பிடிக்க அம்மாவின் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைக்கும் கட்டம் வந்துவிட்டதென்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் முழுத் தொகையையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். ஆட்டத்தை விட முடியாமல் தவித்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். அதில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.