பூனைக்குப் புதிய மணலைப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூனை கழிக்கும் தட்டிலுள்ள பழைய மணலை ஒட்டுமொத்தமாகக் கொட்டிவிட்டு, தட்டைத் தேய்த்துக் கழுவி, கடையில் வாங்கிவந்த புதிய வகையை ஒரே நாளில் நிரப்பிவிடுவதுதான் பூனை வளர்ப்போர் செய்யும் தவறுகளில் பெரியது. அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்போர் பலர் முதலில் கட்டட வேலைக்கு வரும் மணலையோ மரத்தூளையோ ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இட்டுப் பழக்குகிறார்கள். பிறகு நாற்றமும் தூசியும் தாங்காமல், ஈரம் பட்டதும் கட்டியாகிவிடும் பென்டோனைட் களிமண்ணுக்கோ, சோயாச் சக்கையிலிருந்து செய்யப்படும் டோஃபு வகைக்கோ மாற நினைக்கிறார்கள். அந்த மாற்றம் நியாயமானதே. ஆனால் நேற்றுவரை காலுக்குக் கீழே இருந்த மணலும் அதில் ஊறியிருந்த தன் வாசனையும் ஒரே இரவில் மறைந்துவிட்டால், பூனை அந்தத் தட்டைத் தன் இடமாகவே கருதாது. சோபாவின் மூலையோ, குளியலறைத் தரையோ, துவைக்கப் போட்டிருக்கும் துணிக்குவியலோ அதற்கு மாற்றிடமாகிவிடும்.

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலங்களில் திரிந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தோண்டுவதும் கழிப்பதும் மூடுவதும் வீட்டுப் பூனையின் பிறவிக் குணம். குட்டி பிறந்து சில வாரங்களிலேயே, யாரும் கற்றுக்கொடுக்காமல், தளர்வான மண்ணைக் கண்டால் பறிக்கத் தொடங்கிவிடுகிறது. எந்த மண்ணில் பழகியதோ அதன் நயத்தைப் பாதங்கள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஆகவே பாதமும் மூக்கும் ஏற்றுக்கொள்ளும் வேகத்தில்தான் மாற்றம் நடக்க வேண்டும்.

பழைய மணல் முக்கால் பங்கு, புதியது கால் பங்கு என்று கலந்து தொடங்கி, மூன்று நான்கு நாள்கள் பூனை இயல்பாகப் பயன்படுத்துவதைப் பார்த்தபின் பாதிக்குப் பாதியாக்கி, மேலும் சில நாள்கள் கழித்துப் புதியதன் பங்கை முக்காலாக உயர்த்தலாம். பெரும்பாலான பூனைகளுக்கு இரண்டு வாரங்கள் போதும். வயதான பூனைக்கும் பயந்த சுபாவமுள்ள பூனைக்கும் ஒரு மாதம்கூட ஆகலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண மணல் கட்டியாகாது என்பதால், கலவைக் காலத்தில் பென்டோனைட் கட்டிகள் கரண்டியில் அள்ளும்போதே உதிர்ந்துபோகும். இதைக் கண்டு, வாங்கியது தரமற்றது என்று முடிவுகட்டி வேறொரு வகைக்குத் தாவிவிடுபவர்கள் பூனையை இரட்டைக் குழப்பத்தில் தள்ளுகிறார்கள். ஈரம் பட்டால் தூளாகும் பைன் மரக் குச்சிகளும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சிலிக்கா படிகங்களும் வேறு வகையோடு கலந்தால் சரியாக வேலை செய்யாது. அவற்றுக்கு மாறுவோர் கலக்காமல், பழைய தட்டை அப்படியே விட்டு, பக்கத்தில் இரண்டாவது தட்டில் புதியதை இட்டு வைப்பதே சரி. புதிய தட்டைப் பூனை தானாகத் தேடிப்போகும்வரை பழையதை எடுக்கக் கூடாது.

அளவுகளைவிட முக்கியமானது பூனையைக் கவனிப்பது. மனநிறைவோடு இருக்கும் பூனை தட்டுக்குள் இறங்கி, மோந்து, தோண்டி, ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்து, முடித்தபின் திரும்பி நின்று மூடும். முன்னங்கால்களைத் தட்டின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு நிற்பது, பாதத்தை உதறுவது, மணலைத் தொடாமல் தட்டின் பக்கச் சுவரையோ வெளித்தரையையோ பிறாண்டுவது, மூடாமலே பாய்ந்து ஓடுவது ஆகியவை புதிய மணல் பிடிக்கவில்லை என்பதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் முந்தைய கலவைக்குத் திரும்பிவிட வேண்டும். வெளியே கழித்த பிறகு திரும்புவதைவிட அது மிக எளிது.

வாசனை விஷயத்தில் நம் விருப்பம் பூனைக்கு எதிராகவே செயல்படுகிறது. லாவெண்டர், எலுமிச்சை மணம் ஊட்டப்பட்ட பொட்டலங்கள் மனிதர்களைக் கவர விற்கப்படுபவை. எலுமிச்சை வகை மணங்களைப் பெரும்பாலான பூனைகள் வெறுக்கின்றன. தட்டைக் கழுவ ஃபினாயில் ஊற்றுவது அதைவிட மோசமானது. இத்தகைய கிருமிநாசினிகளில் இருக்கும் பினால் என்ற வேதிப்பொருளை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியது நக்கும்போது வயிற்றுக்குள் போய்விடும். வெந்நீரும் மணமற்ற சோப்பும் போதும். பரல்களின் அளவையும் பார்க்க வேண்டும்: மெல்லிய மணலில் பழகிய பூனைக்குத் தடித்த குச்சி வடிவப் பரல்கள் காலில் குத்தும், மூட்டுவலி உள்ள முதிய பூனைக்கு இன்னும் அதிகமாக.

மணலோடு சேர்த்து மூடியுள்ள புதுப் பெட்டியையும் புது இடத்தையும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்துவது இன்னொரு தவறு. வீடு மாறும் சமயத்திலும், பட்டாசுச் சத்தத்தில் பூனை கட்டிலடியில் ஒடுங்கிக் கிடக்கும் தீபாவளி வாரத்திலும் மணல் மாற்றத்தைத் தொடங்கவே வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பது நல்லது. பென்டோனைட் இரண்டு மூன்று அங்குல ஆழம் இருக்க வேண்டும். சிக்கனம் பார்த்து மெல்லிய படலமாகப் பரப்பினால் சிறுநீர் அடியில் ஒட்டிச் சேறாகும். டோஃபு வகை ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டியாகும் மணலை இரண்டு மாதத்துக்கும் குறைந்த குட்டிகளுக்கு இடக் கூடாது, அவை அதைத் தின்று பார்க்கும்.

வெளியே கழித்த பூனையின் மூக்கை அந்த ஈரத்தில் தேய்ப்பது இன்றும் சில வீடுகளில் நடக்கிறது. அதனால் பூனை கற்றுக்கொள்வது உங்களைக் கண்டு அஞ்சுவதை மட்டுமே. அடுத்த முறை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து கழிக்கும். அந்த இடத்தை நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைக்க வேண்டும். அமோனியா கலந்த திரவம் சிறுநீரின் வாடையையே மிச்சம் வைக்கும். பிளீச்சிங் கரைசலோ சிறுநீரோடு சேர்ந்து நச்சு வாயுவை எழுப்பும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, நோயைப் பிடிவாதம் என்று எண்ணுவது. மணலை மாற்றிய வாரத்தில் ஆண் பூனை தட்டுக்கு மீண்டும் மீண்டும் போய் முக்கியும் சிறுநீர் வராமலோ, ஓரிரு சொட்டுகள் மட்டும் விட்டோ, முனகிக்கொண்டே அந்தரங்க உறுப்பை நக்கிக்கொண்டிருந்தால், அது புதிய மணல்மீது வெறுப்பாக இருக்காது. சிறுநீர்க்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாள்களுக்குள் உயிரையே பறித்துவிடக்கூடிய நிலை அது. காலைவரை பொறுத்துப் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டாலும் அப்படியே. மணல் மாற்றம் குணமானபின் நடக்கட்டும்.

சில பூனைகள் முழு மாற்றத்துக்கு ஒருபோதும் இணங்குவதில்லை. பாதிக் கலவையில் நின்றுவிட்டால் அதையே நிரந்தரமாக்கிக்கொள்வதில் குறையொன்றுமில்லை. இணங்கிய பூனைக்கும், புதிய மணலை மட்டும் தொடர்ந்து மூன்று வாரங்கள் பயன்படுத்தும்வரை பழைய மூட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். தயக்கம் தெரியும் நாளில் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மேலே தூவினால் போதும்.