தியானப் பாயில் கேட்கக் கூடாத கேள்வி

சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்காருகிறோம். மூச்சைக் கவனிப்பதும், உடம்பிலும் மனத்திலும் தோன்றுவதைப் புது ஊருக்கு வந்தவர் தெருவைப் பார்ப்பது போல ஆவலோடு பார்ப்பதும்தான் பயிற்சி. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே, புதிதாக வருபவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்து இதை எழுதுகிறேன். கைப்பேசியை அணைக்க மறப்பது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவது, முதுகை வளைப்பது ஆகியவற்றைச் சொல்லப்போவதில்லை. அவை தாமாகவே சரியாகிவிடும்.

அமைதியை எதிர்பார்த்து உட்காருவது

முதல் மாதத்தில் இரைச்சல்தான் கேட்கும்; அதைக் கேட்கத்தான் உட்காருகிறோம்.

‘என்ன’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘ஏன்’ என்று கேட்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கோபம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கிறது என்று கேட்டால் விடை உடம்பிலேயே கிடைக்கும். தொண்டைக் குழியில் ஓர் அடைப்பு, காது மடலில் சூடு, நெஞ்சோடு நின்றுவிடும் மூச்சு. எனக்கு ஏன் கோபம் வந்தது என்று கேட்ட மாத்திரத்திலோ மனம் வக்கீலாகிவிடுகிறது. சாட்சிகளைக் கூப்பிடுகிறது, பழைய கட்டுகளைப் பிரிக்கிறது, அரை மணி நேரத்தில் தீர்ப்பையும் எழுதிவிடுகிறது. கண் மூடியிருப்பதால் பார்ப்பவர்களுக்கு அது தியானம் போலவே தெரியும். உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படியே தெரிவதுதான் சங்கடம்.

நான் இப்படி இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தேன். எழுந்ததும், கண்டுபிடித்த காரணங்களையெல்லாம் எண்பது பக்க நோட்டில் எழுதுவேன். மூன்று நோட்டுகள் நிறைந்தன. ஒரு நாள் விடியற்காலையில், என் முன்கோபத்துக்குக் காரணம் பத்தாம் வகுப்பு விடுமுறையில் அண்ணன் உறவினர்கள் முன்னிலையில் என்னைக் கேலி செய்ததுதான் என்று முடிவுகட்டி, அந்தச் சூட்டோடு தொலைபேசியில் அவரிடமே சொல்லியும்விட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்த அவர், “இதுக்காகத்தான் தினமும் கண்ணை மூடி உக்காந்தியா தம்பி?” என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அதன்பின் ஓராண்டு எங்களுக்குள் பேச்சில்லை. அந்தப் பொங்கலுக்கு அம்மா எங்கள் இருவர் வீட்டுக்கும் தனித்தனியாக வந்துபோனார்.

அதே ஆண்டு பல் வலிக்காகப் போயிருந்தபோது, மருத்துவர் இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டி, பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அன்று மாலை உட்கார்ந்தபோது அண்ணன் நினைப்பு வந்தது. இடப்பக்கத் தாடை கிட்டியது போல இறுகியிருந்தது. கோபத்தின் வரலாற்றை மூன்று நோட்டுகளுக்கு எழுதியவனுக்கு, அது குடியிருந்த இடம் தெரியாமல் போயிருக்கிறது.

விழிப்போடு கவனிப்பதைப் பற்றிய புத்தரின் போதனையான சதிபட்டான சூத்திரத்தில் மூச்சைப் பற்றிய பகுதி இந்த வகையில் மிகவும் கறாரானது. நீண்ட மூச்சு விடுகையில் நீண்ட மூச்சு விடுகிறேன் என்றும், குறுகிய மூச்சு விடுகையில் குறுகிய மூச்சு விடுகிறேன் என்றும் அறியச் சொல்கிறதேயன்றி, ஏன் நீண்டது என்று அங்கே கேட்பதில்லை. இத்தனைக்கும் ஆராயும் ஆவலை விழிப்புக்குரிய ஏழு அங்கங்களுள் இரண்டாவதாக வைத்திருக்கும் மரபு அது. காரணத்தைத் தேடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மனநல ஆலோசகரின் எதிரே ஒரு நாற்காலி அதற்காகவே போடப்பட்டிருக்கிறது. பாயில் அந்த வேலை வேண்டாம்.

பெரிய அனுபவத்துக்குக் காத்திருப்பது

வியப்பாகிய மருட்கை பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கைத் தொல்காப்பியம் சொல்கிறது. புதிதாக வருபவர்கள் முதல் இரண்டையே தேடுகிறார்கள். ஒளி தெரியவில்லையே, உடம்பு மிதக்கவில்லையே என்று முறையிடுகிறார்கள். மிகச் சிறியதும், ஒன்று மற்றொன்றாகத் திரிவதும்தான் தினமும் கிடைப்பவை. 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியில், தொடக்க வகுப்பிலேயே கவனித்துச் சுவைக்கக் கையில் ஓர் உலர்திராட்சையைக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் மாடியில் நான் கொடுப்பது பெருநெல்லிக்காய். துண்டை மெல்லும்போது பல் கூசும் புளிப்பு, நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. பிறகு ஒரு மிடறு வெறுந்தண்ணீர் குடித்தால் அது இனிக்கும். அந்த இனிப்பு நாக்கின் எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்று கேட்பேன். முதல் முறை ஒருவருக்கும் விடை தெரிந்ததில்லை. இரண்டாவது துண்டைத் தாமாகவே கேட்டு வாங்குவார்கள்.

கெட்ட பழக்கத்தைப் பார்க்காமலே விரட்டுவது

அமெரிக்க மனநல மருத்துவர் ஜட்சன் புரூவர், புகைப்பழக்கத்தை விட வந்தவர்களிடம், புகைக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஆவலோடு கவனியுங்கள் என்றார். அப்படிக் கவனித்த ஒரு பெண், இது நாறிப்போன பாலாடைக்கட்டி போல இருக்கிறதே என்று கண்டுகொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். நாலாவது டம்ளர் காப்பியை நான் விட்டதும் இந்த வழியில்தான். ஆறிய காப்பியின் அடிக்கசப்பை அதற்குமுன் நான் சுவைத்ததே இல்லை.

வீட்டாரை ஆராய்வது

சண்டைக்கு நடுவே மனைவியிடம், கோபம் உன் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன்.