உருளைக்கிழங்குத் தோட்டத்தில் முதல் சென்சார் வைப்பது எப்படி?

ஊட்டிக்குச் சொல்லும் வானிலை கேத்திப் பள்ளத்தாக்குக்கு அப்படியே பொருந்தாது. ஒரே தோட்டத்திலேயே மேல் பாத்தியில் ஒரு குளிர், ஓடையோரத்தில் வேறு குளிர். டிஜிட்டல் விவசாயம் என்றதும் ட்ரோன் வரை யோசிக்க வேண்டாம். மலையில் முதலில் தேவை, நம் தோட்டத்துக் குளிரையும் ஈரத்தையும் இரவு பகலாகக் குறித்துவைக்கும் சின்னக் கருவி.

1. வாங்குவது

வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம் இரண்டையும் அளந்து, தனக்குள்ளேயே சேமிக்கும் கருவியாகப் பாருங்கள். நம் சரிவுகளில் பல இடங்களில் சிக்னல் எடுக்காது. அதனால் சிம் போடும் கருவியைவிட, பக்கத்தில் போய் நின்றால் புளூடூத் வழியாகப் போனுக்குக் கணக்கை அனுப்பும் வகையே ஆரம்பத்துக்கு நல்லது.

2. சோதிப்பது

ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. உப்பு கருவியில் படாமல் இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் ஈரப்பதம் 75 சதவீதம் காட்ட வேண்டும். 71 காட்டினால் 4 கூட்டிப் படிக்க வேண்டியதுதான். விடாத மூடுபனியில் சென்சாரின் அளவு மெல்லப் பிசகும் என்பதால், ஒவ்வொரு போகத்துக்கும் ஒருமுறை இப்படிப் பாருங்கள்.

3. மாட்டுவது

நான் முதலில் மோட்டார் ரூம் சுவரில் மாட்டினேன். ஸ்வெட்டரோடு நிற்கிறேன், போனில் 33 டிகிரி! வெயில் ஏறிய தகரக் கூரையின் சூடு அது. அப்புறம் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் ஐந்தைக் கவிழ்த்து, இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கம்பியில் கோத்தேன். நடுத் தட்டுகளில் ஓட்டை வெட்டி, கருவியை உள்ளே தொங்கவிட்டேன். வெயிலும் மழையும் படாது, காற்று மட்டும் போய் வரும். தரையிலிருந்து 4 அடி உயரம், தோட்டத்தின் தாழ்ந்த மூலை. குளிர் காற்று கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளத்தில்தான் தேங்கும்.

4. கருகலுக்குப் படிப்பது

1845-ல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய பின்கருகல் நோய்தான் இன்றும் நம் உருளைக்குப் பெரிய எதிரி. பிரிட்டனில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: தொடர்ந்து இரண்டு நாள் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல், இரண்டு நாளும் குறைந்தது 6 மணி நேரம் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஆபத்து.

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நம்மூரில் அநேகமாகத் தினமும் இந்த நிலைதான். அதனால் இதை மருந்தடிக்கும் மணியாக வைக்காதீர்கள். பாத்திக்குள் இறங்கிப் பார்க்கும் மணியாக வையுங்கள். காலைப் பனி காயும் முன் அடியிலைகளைத் திருப்பிப் பாருங்கள். கருத்த புள்ளியின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பூசணம் வளையமாகத் தெரிந்தால் நோய் வந்துவிட்டது. மான்கோசெப் மாதிரித் தடுப்பு மருந்து அதற்கு முன்பே இலையில் இருந்தால்தான் காக்கும். ஆகவே மழைக்கு முன்பு கிடைக்கும் வெறிப்பு நாளைப் பிடிப்பதுதான் முக்கியம். இந்திய வானிலைத் துறை விவசாயிகளுக்காக நடத்தும் மேகதூத் செயலியில் செவ்வாயும் வெள்ளியும் வரும் முன்னறிவிப்பு இங்கே கைகொடுக்கும்.

5. உறைபனிக்குப் படிப்பது

டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத, காற்றசையாத இரவில் கருவி 3 டிகிரி காட்டும்போதே தரையோர இலையில் பனி உறைந்திருக்கலாம். இலை தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. எனவே பூஜ்ஜியம் வரை காத்திராதீர்கள். உங்கள் மூலையில் எத்தனை டிகிரியில் இலை வெளுக்கிறது என்று சில நாள் விடியலில் பார்த்து நோட்டில் குறியுங்கள். அந்த எண்தான் உங்கள் எச்சரிக்கை.

ஸ்பிரிங்ளர் போடுவதென்றால் உறையும் முன்பே தொடங்கி, பனி முழுக்க உருகும் வரை ஓட்டுங்கள். பாதியில் நின்றால் ஈர இலை இன்னும் குளிர்ந்து கருகும். படுக்கப் போகும் முன் தொட்டியில் அதுவரைக்கும் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.