வால் கனத்த விமானம்: ஃபோம் விமானம் செய்யப் புதிதாக இறங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்போக அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க வெட்டைகளில் ரிமோட் விமானங்கள் தலைகாட்டத் தொடங்கும். ரெஜிஃபோமிலும் ஃபோம் போர்டிலும் வெட்டி ஒட்டியவை. பற்றரிக்குச் சார்ஜ் போடாமல் வந்தவருக்கும் ரிமோட்டை வீட்டில் மறந்தவருக்கும் இங்கே ஒன்றும் சொல்வதற்கில்லை; ஒருநாள் வெறுங்கையோடு திரும்பினால் தானாகச் சரிவரும். காசைத் தின்னும் தவறுகள் வேறு.

கீழுள்ள கணக்கெல்லாம் 1 மீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள நேர்ச்செட்டை, 3 செல் 1300 எம்ஏஎச் லிப்போ பற்றரி, எல்லாம் பூட்டி 600 கிராம் எடை என்ற விமானத்துக்கு.

புவியீர்ப்பு மையத்தைப் பார்க்காமல் எறிவது

ஒவ்வொரு பருவமும் இதே கூத்துத்தான். விமானம் கையை விட்டதும் மூக்கைத் தூக்கும். "ஏறுது, ஏறுது" என்று பக்கத்தில் நிற்பவர் கத்துவார். மூன்று ஆள் உயரத்தில் வேகம் செத்து, ஒரு செட்டை சரிந்து, மூக்கு மண்ணில் குத்தும். மோட்டருக்கு வலுப் போதாது என்று முடிவு கட்டி, அடுத்த முறை பெரிய புரொப்பெல்லர் போட்டுக்கொண்டு வருவார்கள். குற்றம் மோட்டரில் இல்லை, வாலில்.

இந்தச் செட்டைக்கு மையம், அதாவது விமானம் சாயாமல் சமமாக நிற்கும் இடம், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்ரிமீற்றருக்குள் விழவேண்டும். அகலத்தில் ஏறத்தாழ 25 முதல் 30 வீதம். அது பின்னால் போகப் போக எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்க வாலில் அசையும் தகடு) தொட்டாற்சிணுங்கி ஆகிவிடும். ஸ்டிக்கை மயிரிழை அசைத்தாலும் மூக்கு துள்ளும். காற்று அதைச் சற்றுத் தூக்கினால் தானாக இறங்காது, இன்னும் தூக்கும். பழகாத கை அதைத் துரத்திப் பிடிக்கவே முடியாது.

வால் எப்படிக் கனக்கிறது? பெரும்பாலும் பசையால். மையத்துக்கு 50 சென்ரிமீற்றர் பின்னால் 10 கிராம் ஹொட் குளூ கூடிவிட்டால், 20 சென்ரிமீற்றர் முன்னால் 25 கிராம் வைத்தால்தான் ஈடாகும். வால் உடைந்து ஒட்டும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கடன் ஏறும். எலிவேட்டர் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டர்களான சேர்வோக்களை வாலில் பதிப்பதும், வரைபடம் கேட்டதைவிடச் சிறிய பற்றரி போடுவதும் அதே வேலையைச் செய்யும்.

பார்க்கும் முறை இது. பற்றரி, புரொப்பெல்லர், சில்லு எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். பற்றரி இல்லாமல் பார்த்துவிட்டு "சரி" என்பவர்களை என்ன சொல்வது! செட்டையின் அடியில் உடலுக்கு இரு புறமும் 5, 6 சென்ரிமீற்றரில் மார்க்கரால் கோடு போடுங்கள். 6 சென்ரிமீற்றர் கோட்டில் இரண்டு விரல்களால் தாங்குங்கள். மூக்கு இலேசாகத் தாழ்ந்தால் நல்லது. வால் விழுந்தால் முதலில் பற்றரியை முன்னே தள்ளுங்கள்: 110 கிராம் பற்றரி 5 சென்ரிமீற்றர் நகர்ந்தால் மையம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் நகரும். அதற்கும் சரிவராவிட்டால்தான் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை மூக்கில் ஒட்டுவது.

நகர்த்திய பற்றரியை வெல்க்ரோ பட்டியால் இறுக்கி, அது இருக்கும் இடத்தையும் கோடு போட்டு வையுங்கள். ஏறும்போது பற்றரி பின்னால் வழுக்கினால் தரையில் பார்த்த கணக்கெல்லாம் வீண்.

அதன்பின் மோட்டர் ஓடாமல், புல் உள்ள இடத்தில், தோள் உயரத்திலிருந்து காற்றுக்கு எதிராக மட்டமாக எறிந்து பாருங்கள். எலிவேட்டர் நேராக இருந்தும் எழும்பி நின்று விழுந்தால் வால் இன்னும் கனம். மூக்குக் குத்தினால் தலை கனம். இதற்கு ஐந்து நிமிடம் போதும். செய்யாதவருக்கு வளைந்த மோட்டர் தண்டும் உடைந்த மூக்கும் மிஞ்சும். புதுத் தண்டு தபாலில் வரும்வரை விமானம் பரணில் கிடக்கும்.

கச்சான் காற்றில் பறக்கவிடுவது

இந்த விமானம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றருக்குக் கீழே போனால் மிதக்காது. 20 கிலோமீற்றர் காற்றில் எதிரே போகும்போது நின்ற இடத்தில் நிற்பதுபோல் தெரியும்; காற்றோடு திரும்பினால் பாய்ந்து போகும். பாய்கிறதே என்று த்ரொட்டிலைக் குறைப்பார்கள். நிலத்துக்குத்தான் அது வேகம், காற்றுக்கு அல்ல. உடனே விழும். கச்சான் அடிக்கும் மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்னரே முடித்துவிடுங்கள். பிற்பகல் கடற்காற்றும் புதியவருக்கு ஆகாது.

சுப்பர் குளூ, ஸ்பிரே பெயின்ட்

ரெஜிஃபோமை உருக்கும். முதலில் வெட்டுத்துண்டில் தொட்டுப் பாருங்கள்.

புரொப்பெல்லர்

எழுத்துள்ள பக்கம் முன்னால்.

எலிவேட்டர் திசை

ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே வரவேண்டும். ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பற்றரியை வற்ற வடிப்பது

ரிமோட்டில் 5 நிமிட டைமர் வையுங்கள். இறக்கியபின் ஒரு செல்லுக்கு 3.7 வோல்ற் அளவில் இருந்தால் நல்லது. 3 வோல்ற்றுக்குக் கீழே போன செல் பழுதுதான். வீட்டில் வைக்கும்போது 3.8. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பூட்டி வெயிலில் விடாதீர்கள். ஊதிய பற்றரியை இன்னொரு முறை பார்ப்போம் என்று சார்ஜ் போடவும் வேண்டாம்.

வாவிக்குள் விழுந்தால்

எடுத்தவுடன் பற்றரியைக் கழற்றுங்கள். வாவித் தண்ணீர் உவர்; காயவிட்டால் உப்பு சர்க்கிட்டை அரிக்கும். இஎஸ்சி (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்கிட்), ரிசீவர், சேர்வோ மூன்றையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு பூட்டுங்கள். மோட்டர் பெயரிங்குக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய்.