மீன் தீவனத்தில் எண்ணெய் சேர்ப்பது எப்படி: கொழுப்பு அமிலக் கணக்கோடு

தீவன மூட்டையில் "கொழுப்பு 6%" என்று போட்டிருக்கும். அதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த ஆறில் எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மீன் வளரும். அதன் சதையில் ஒமேகா-3 சேர்வதும் அதைப் பொறுத்தே. என் குளத்துக்கு நான் கலக்கும் முறையை அப்படியே எழுதுகிறேன். மாவு அரைப்பதும் அதைக் குருணையாக (சிறு தீவனத் துண்டுகளாக) பிழிவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மீனுக்கு என்ன தேவை?

திலாப்பியாவுக்கு ஒமேகா-6 முக்கியம். தீவனத்தில் 0.5 முதல் 1 சதவீதம் லினோலெயிக் அமிலம் (ஒமேகா-6 வகை) இருந்தால் போதும்; சோயா எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். சாதாக் கெண்டைக்கு ஒமேகா-6, ஒமேகா-3 இரண்டும் வேண்டும். நன்னீர் மீன்கள் பல, ஆளிவிதை எண்ணெயில் உள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3-இலிருந்து, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 அமிலங்களான இபிஏ, டிஹெச்ஏ இரண்டையும் ஓரளவு தாங்களே உண்டாக்கிக்கொள்ளும். கொடுவா போன்ற கடல் மீன்களால் தேவையான அளவுக்கு அது முடியாது, நேரடியாகவே கொடுத்தாக வேண்டும். தேங்காய் எண்ணெய் ஆற்றல் தரும், ஆனால் இந்த அமிலங்கள் அதில் பெயரளவுக்குத்தான்.

படி 2: கணக்கு

இதை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

இபிஏ, டிஹெச்ஏ சேர்ந்து 1 சதவீதம் வேண்டும் என்றால், 1 சதவீதம் மீன் எண்ணெய் ஊற்றுங்கள் என்று பொருளல்ல. எண்ணெயில் ஒரு பகுதிதான் அந்த அமிலங்கள். அந்தப் பகுதி எவ்வளவு என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். விற்பவரிடம் பகுப்பாய்வு அறிக்கை கேட்டு வாங்குங்கள். 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

10 கிலோ தீவனத்துக்குத் தேவை 100 கிராம். மீன்தூள் 3 கிலோ போடுகிறீர்கள், அதில் கொழுப்பு 8 சதவீதம் என்றால் 240 கிராம். அந்தக் கொழுப்பிலும் 20 சதவீதம் என்று கொண்டால் 48 கிராம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. மீதி 52 கிராம். 52-ஐ 0.20-ஆல் வகுத்தால் 260 கிராம் எண்ணெய். மீன்தூளைக் கழிக்காமல் போட்டால் 500 கிராம் போயிருக்கும். காசு வீண் என்பதோடு, மிஞ்சிய கொழுப்பு மீனின் ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் போய்ப் படியும்.

அப்புறம், இந்த 260 கிராமும் 10 கிலோவுக்குள் அடக்கம். மற்ற பொருள்கள் எல்லாம் சேர்ந்து 9.74 கிலோதான் இருக்க வேண்டும்.

படி 3: எண்ணெய் வாங்குவது

சின்ன கேனாக வாங்குங்கள். பெரிய டிரம் மலிவுதான், ஆனால் திறந்து மூடத் திறந்து மூடக் காற்று புகும். டிஹெச்ஏவில் ஆறு இரட்டைப் பிணைப்புகள், அதாவது ஆக்சிஜன் எளிதில் தாக்கும் இடங்கள். ஆக்சிஜனுக்கு அவ்வளவு இடம் கிடைத்தால் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். காறல் வாடை வந்த எண்ணெயைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஜப்பானில் காறிய பட்டுப்புழுக் கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுத் தசை கரைந்து மெலிந்தது; செகோகே என்று அந்த நோய்க்குப் பெயர். வைட்டமின் ஈ அதைத் தடுத்தது. அதனால் வைட்டமின் ஈயை எண்ணெயிலேயே முதலில் கலந்துவிடுவது என் வழக்கம்.

படி 4: பூசுவது

குருணை நன்றாகக் காய்ந்து ஆறியிருக்க வேண்டும். கையால் ஊற்றிப் பிசைவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் வறண்டுபோகும். கைத்தெளிப்பான்தான் சரி. குருணையைப் புரட்டிக்கொண்டே மூன்று நான்கு தவணையாகத் தெளித்து, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மேலே வானவில் நிறத்தில் படலம் பரவினால் எண்ணெய் உள்ளே இறங்கவில்லை.

பின்சேர்க்கை: படலம் போகவே மாட்டேன் என்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால் எல்லாமே இறுக்கிப் பிழிந்த மூழ்கும் குருணை. அது எண்ணெயை அதிகம் குடிக்காது. பாதி எண்ணெயை மாவிலேயே கலந்துவிட்டு, மீதியை மட்டும் பூசுங்கள். பொரிந்த மிதவைக் குருணைக்கு இந்தத் தொல்லை இல்லை.

கெண்டைக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதாதா என்றும் கேட்டிருந்தார்கள். ஒமேகா-6 கிடைக்கச் சோயா எண்ணெயும் கொஞ்சம் சேர்த்தால் மீனின் நலத்துக்குப் போதும். சதையில் இபிஏ, டிஹெச்ஏ அதிகமாக வேண்டுமென்றால், அறுவடைக்கு முந்தைய சில வாரங்களுக்கு மீன் எண்ணெய் பூசிய தீவனத்துக்கு மாறுங்கள்; தின்னும் கொழுப்பைப் போலவே சதையின் கொழுப்பும் மாறும். கொடுவாவுக்கு இந்த வழி உதவாது, குஞ்சுப் பருவத்திலிருந்தே மீன் எண்ணெய் வேண்டும்.