நுரையீரல் அளவுச் சமன்பாடு பொருந்துகிறதா? சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவி காட்டும் 'எதிர்பார்க்கும் அளவு', வேறு யாரையோ ஊதவைத்துக் கணித்த சமன்பாட்டிலிருந்து வருவது. அது உங்களிடம் வருபவர்களுக்குப் பொருந்துமா என்று அறிய, நோயற்றவர்களை ஊதவைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பீடு சரியாக அமையாவிட்டால், சமன்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் ஆள் தேர்வையும் அளவெடுப்பையும் சந்தேகியுங்கள்.

ஆட்கள் போதாமல் தொடங்குவதுதான் அடிக்கடி நடப்பது. 25 பேரை மட்டும் சோதித்தால், சமன்பாடு கச்சிதமாகப் பொருந்தினாலும் சராசரி இசட்-ஸ்கோர் (ஒருவரின் அளவு எதிர்பார்க்கும் அளவிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்ற எண்; பொருந்தினால் சராசரி பூஜ்யம்) தற்செயலாகவே 0.4 வரை மேலோ கீழோ நகரலாம். ஆண்கள் 150, பெண்கள் 150 என்று எடுத்தால் ஒவ்வொரு பாலிலும் அந்த ஊசலாட்டம் சுமார் 0.16க்குள் அடங்கும். இரு பாலாரையும் தனித்தனியே பாருங்கள்: ஆண்களில் +0.4, பெண்களில் -0.4 என்றிருந்தால் மொத்தச் சராசரி பூஜ்யம் என்று வந்து ஏமாற்றும்.

புகைப்பவர்களையும் ஆஸ்துமா, காசநோய் வரலாறு உள்ளவர்களையும் முன்கூட்டியே கேள்வித்தாள் மூலம் விலக்குங்கள். ஊதி முடித்தபின், 'அளவு குறைவாக இருக்கிறது, நோயாளியாகத்தான் இருப்பார்' என்று யாரையும் நீக்காதீர்கள். ஆரோக்கியமான 100 பேரில் ஏறக்குறைய 5 பேர் இயல்பின் கீழ்வரம்பான -1.645 இசட்-ஸ்கோருக்குக் கீழே இருப்பார்கள். அந்தக் கோடு வரையப்பட்டதே அப்படித்தான். அவர்களை வெட்டினால் பரவல் சுருங்கும், சராசரி ஏறும். விளையாட்டு வீரர்களை மட்டும் சேர்ப்பதும் இதே கெடுதல்தான்.

உயரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். எதிர்பார்க்கும் அளவு உயரத்தின் வர்க்கத்தைவிட வேகமாகக் கூடுவதால், 165 செ.மீ. உள்ளவரை 168 என்று பதிந்தால் அது சுமார் 4 சதவீதம் உயர்ந்துவிடும். குழந்தைகளுக்கு வயதை முழு ஆண்டாக வெட்டாமல், பிறந்த தேதியிலிருந்து தசமத்தில் கணக்கிடுங்கள். 3 லிட்டர் சிரிஞ்சால் தினமும் கருவியைச் சரிபாருங்கள். பெரியவர்களிடம் மிக உயர்ந்த இரண்டு ஊதல்களின் வித்தியாசம் 150 மி.லி.க்கு மேல் போகக் கூடாது.

கருவிக்குள் எந்தச் சமன்பாடு இருக்கிறது என்பதையும் பாருங்கள். பல நாட்டுத் தரவுகளிலிருந்து கணித்த ஜி.எல்.ஐ. 2012 சமன்பாட்டில் இனவாரியாகப் பிரிவுகள் உண்டு. அதன்பின் வந்த 'குளோபல்' சமன்பாட்டில் இல்லை. இரண்டும் கலந்த கோப்பிலிருந்து எந்த முடிவும் எடுக்க முடியாது. லிட்டர் மதிப்புகளை வெளியே எடுத்து, எல்லோருக்கும் ஒரே சமன்பாட்டில் மறுபடி கணக்கிடுங்கள். 'எதிர்பார்க்கும் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சரி' என்ற பழைய அளவுகோல் இங்கே உதவாது; வயது ஏற ஏற அது ஆரோக்கியமானவர்களையும் நோயாளியாக்கும்.

சராசரி பூஜ்யமானதும் நிறுத்திவிடாதீர்கள். திட்டவிலக்கம் 1க்கு அருகில் இருக்க வேண்டும். அது 1.3 ஆனால், சராசரி சரியாக இருந்தாலும் கீழ்வரம்புக்குக் கீழே 5க்குப் பதில் சுமார் 10 சதவீதம் பேர் விழுவார்கள். இசட்-ஸ்கோரை வயதுக்கும் உயரத்துக்கும் எதிராகப் புள்ளியிட்டும் பாருங்கள். புள்ளிகளின் மேகம் ஒரு பக்கம் சாய்ந்தால், அந்த வயதிலோ உயரத்திலோ பொருத்தமில்லை.

எஃப்.இ.வி.1 (முதல் ஒரு வினாடியில் வெளியே ஊதும் காற்று), எஃப்.வி.சி. (முழுவதும் ஊதி வெளியேற்றும் காற்று) இரண்டின் இசட்-ஸ்கோரும் ஒரே அளவு தாழ்ந்து, அவற்றின் விகிதத்தின் (எஃப்.இ.வி.1/எஃப்.வி.சி.) இசட்-ஸ்கோர் பூஜ்யத்திலேயே நின்றால், அந்த மக்களின் நுரையீரல் கொள்ளளவே சமன்பாடு சொல்வதைவிடக் குறைவு என்று கொள்ளலாம். எஃப்.வி.சி. மட்டும் தாழ்ந்து விகிதம் உயர்ந்தால், பலர் முழுவதும் ஊதி முடிக்கவில்லையா என்று வரைபடங்களைத் திறந்து பாருங்கள். விகிதம் தாழ்ந்தால், புகைப்பவர்களோ ஆஸ்துமாக்காரர்களோ உள்ளே நுழைந்திருக்கிறார்களா என்று கேள்வித்தாளுக்குத் திரும்புங்கள்.