களாச் செடி: வேலிக்கா, காய்க்கா என்று முடிவு செய்துவிட்டு நடுங்கள்

களாச் செடி வைத்து நாலைந்து வருடமாகியும் காய் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களின் தோட்டத்தில் செடியைப் பாருங்கள். பெரும்பாலும் அது மட்டம் பார்த்து வெட்டிய வேலியாகத்தான் நிற்கும். மண்ணிலோ உரத்திலோ குறை இருக்காது, கத்தரிதான் காரணம்.

களா கிளை நுனியில்தான் பூக்கும். தை, மாசி வாக்கில் அந்த நுனிகளில் மணமுள்ள சிறு வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும். ‘கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம்’ என்று மார்கழியில் நுனியைக் கிள்ளினால் அந்த வருடக் காய் அதோடு போயிற்று. காய் வேண்டுமென்றால் அறுவடை முடிந்த பிறகு மட்டும் கத்தரியை எடுங்கள். காய்ந்த கிளை, உள்ளே குறுக்கே ஓடும் கிளை, தரையைத் தொடும் கிளை, இவற்றை நீக்கினால் போதும்.

நடும் இடைவெளியும் இதைப் பொறுத்ததுதான். வேலிக்கு இரண்டு மூன்று அடிக்கு ஒரு செடி, காய்க்கு எட்டு முதல் பத்து அடி. வேலியாக இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 19-ஆம் நூற்றாண்டில் உப்புக் கடத்தலைத் தடுக்க ஆங்கிலேயர் வட இந்தியாவில் வளர்த்த நீண்ட சுங்க வேலியிலும் களா இருந்தது. ஆனால் இறுக்கி வெட்டும் வேலியில் கூடை கூடையாகக் காய் பறிக்க ஆசைப்படக் கூடாது.

அடுத்த தவறு, அடையாளம் தெரியாமல் முட்செடியைக் கொண்டுவந்து வைப்பது. காரை, சங்கஞ்செடி இரண்டுக்கும் களாவைப் போலவே எதிரெதிர் இலையும் முள்ளும் உண்டு. ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். களாவில் உடனே வெள்ளைப் பால் கசியும், மற்ற இரண்டிலும் வராது. களா இலை தடிப்பாக, மேலே பளபளப்பாக இருக்கும். கணுவில் ஜோடியாக நிற்கும் முள் விறைப்பானது, சிலசமயம் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். காய் வெளிறிய பச்சை அல்லது இளஞ்சிவப்பில் தொடங்கிக் கருஞ்சிவப்பாகி, கடைசியில் கருப்பாகப் பழுக்கும்.

பால் வருவதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அரளியும் இதே குடும்பம்தான், அதன் பால் நஞ்சு. பாலோடு முள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தெரிந்தவரிடம் காட்டாமல் காயை வாயில் வைக்கக் கூடாது.

நர்சரியில் பெரிய பூவுள்ள நேட்டல் பிளம் செடியையும் களா என்று கொடுத்துவிடுவது உண்டு. தென்னாப்பிரிக்கச் செடி அது. முள் கவட்டையாகப் பிரியும், பழம் சிவப்பு. அதுவும் நல்ல செடிதான், ஆனால் ஊறுகாய்க்குக் களாதான் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் அதிகப் பாசம் வேண்டாம். கல்லாங்காட்டிலும் வளரும் செடி இது, தண்ணீர் தேங்கும் களிமண்ணில்தான் வேர் அழுகும். முதல் வருடம் கவனித்து ஊற்றுங்கள், பிறகு மண் நன்றாகக் காய்ந்தால் ஊற்றினால் போதும். வெயில் மட்டும் குறையக் கூடாது.

விதையை எடுத்துக் காயவைத்துப் பத்திரப்படுத்துவதும் வீண் வேலை, முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். பழுத்த பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்றுங்கள். குச்சி ஊன்றினால் வேர் பிடிப்பது கஷ்டம். நல்ல காய்ப்புள்ள செடி அக்கம்பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்தில் பதியன் போடுவதே மேல்.

சரி, காய்த்துவிட்டது. ஊறுகாய்க்கு முற்றிய காயைப் பறியுங்கள், பழமாகத் தின்ன நன்றாகக் கருக்கும்வரை விடுங்கள். சிவந்ததும் பறித்துத் தின்றுவிட்டு ‘ஒரே புளிப்பு’ என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். பன்னில் செர்ரி என்று வைப்பதில் பெரும்பகுதி பாகில் ஊறிச் சாயமேறிய களாக்காய்தான். பறிக்கும்போது காம்பில் பால் ஒழுகும், அதனால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வேகவைத்த பாத்திரத்தில் ஒட்டும் பிசினும் எண்ணெய் தேய்த்தால் வந்துவிடும்.